பின்பக்கத்தில் யூதாஸ்

சான் தெலேஸ்போரோவில் இயேசுவும் பன்னிரண்டு சீடர்களும் ஆளுக்கொரு இடத்தில் குடியிருக்கிறார்கள். இயேசு கோயிலில். பேதுரு அரிசி மில்காரர் வீட்டில், சேவலோடு. யோவான் பல் டாக்டர் வீட்டில், ஏசி அறையில். மற்றவர்களுக்கும் ஒரு குறையும் இல்லை. யூதாஸ் மட்டும் தையல்காரி தீக்காவின் வீட்டில், தையல் மிஷினுக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவே நின்றுகொண்டிருக்கிறான்.

வருஷத்துக்கு ஒருமுறை, புனித வாரத்துப் புதன்கிழமை சாயங்காலம், பதின்மூன்று சுரூபங்களும் சப்பரம் ஏறி ஊர்வலம் போகும். யூதாஸ் கடைசி. சிவப்புத் தாடி, மஞ்சள் அங்கி, கையில் ஒரு பணப்பை. பிள்ளைகள் அவன்மேல் வேர்க்கடலைத் தோலை எறிவார்கள். கௌரவமான மனிதர் யாரும் அந்தச் சப்பரத்துக்குத் தோள் கொடுப்பதில்லை. மீன் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற எட்டுப் பேர்தான் கொடுப்பார்கள். அது பக்தி என்று சொன்னால் அவர்களே சிரிப்பார்கள். ஊர்வலம் முடிந்ததும் தீக்கா தன் வாசலில் போடுகிற பன்சித் நூடுல்ஸும், தேங்காய்ப்பாலில் கிழங்கும் ஜவ்வரிசியும் கொதிக்கவைத்த கினாத்தானும் அவர்களை இழுத்து வந்துவிடும்.

யூதாஸ் அவளிடம் வந்தது பதினெட்டு வருஷத்துக்கு முன்னால். அதுவரை அவன் அவளுடைய பெரியப்பா மகன் வென்செஸ் வீட்டில் இருந்தான். வென்செஸ் அந்த வருஷம் கிராமத் தலைவர் தேர்தலில் நின்றார். எதிர்க்கட்சிக்காரன் மெனக்கெட்டு ஒரு அவதூறும் சொல்லவில்லை. ஜீப்பில் மைக்கைக் கட்டி, "யூதாஸ் வீட்டுக்கா உங்க ஓட்டு?" என்று ஒரே கேள்வியை மூன்று நாள் கேட்டான், அவ்வளவுதான். போதாக்குறைக்கு அந்தச் சுரூபத்துக்கு அவர்களுடைய லாந்திச்சோ குடும்பத்து மூக்கு. செதுக்கியவன் வீட்டில் கண்ணில் பட்ட முகத்தைப் பார்த்துச் செதுக்கியிருப்பான் போல. நுனியில் கொஞ்சம் தொங்கும். வென்செஸுக்கும் அதே மூக்கு, தீக்காவுக்கும் அதே மூக்கு.

வென்செஸ் பதறிப்போய் யூதாஸைத் தீக்காவின் வீட்டில் இறக்கிவிட்டார். இறக்கியதோடு நிற்கவில்லை. வக்கீலைப் பிடித்து, "எனக்கும் இந்தச் சுரூபத்துக்கும் இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை" என்று எழுதி, முத்திரை குத்தி, நூறு நகல் எடுத்து, மின்கம்பம் தவறாமல் ஒட்டினார். பதினோரு ஓட்டில் தோற்றார். சுரூபம் திரும்பிப் போகவில்லை.

அப்படிப்பட்ட வென்செஸ்தான் இந்த வருஷம் புனித வாரத்துக்கு ஒரு வாரம் முன்னால், ஒரு பெட்டி பிபிங்கா அரிசிக் கேக்கோடு தீக்காவின் வீட்டுக்குள்ளே வந்து, யூதாஸைப் பார்த்துத் தலையை வேறு அசைத்தார். கேட்டைத் தாண்டி அவர் உள்ளே வந்தே பதினெட்டு வருஷமாகிறது.

"எப்படி இருக்கான் நம்ம ஆளு?" என்றார்.

தீக்காவின் வாயில் நான்கு குண்டூசி இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினாள். நேற்றுவரை சனியன். இன்றைக்கு நம்ம ஆளு.

"இருக்கான்ணே. நீ எப்படி இருக்கே? டைல்ஸ் கடை எல்லாம் எப்படிப் போகுது?"

"போகுது போகுது." நாற்காலியில் இருந்த துணிகளை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். "தீக்கா, நிலத்தைக் குடுத்துரலாம்னு இருக்கேன். ஹைவே வந்துருச்சுல்ல. பெட்ரோல் பங்க்காரங்க நல்ல விலைக்குக் கேக்குறாங்க."

"எந்த நிலம்?"

"இதுதான்."

தீக்கா காலை மிஷின் மிதியிலிருந்து எடுத்தாள். ஐம்பத்தாறு வருஷம் முன்பு அவள் பிறந்தது இந்த வீட்டில். நிலம் பெரியப்பா பெயரில் இருந்தது, பெரியப்பாவுக்குப் பின் வென்செஸ் பெயருக்கு வந்தது. "நீ பின்னாடி இருந்துக்கோ" என்று அண்ணன் தம்பிக்குச் சொன்ன ஒரு வார்த்தையில் அவள் அப்பா இங்கே வீடு கட்டினார். அந்த வார்த்தைக்குக் காகிதம் கிடையாது. வாசலில் மூன்று லான்சோனெஸ் பழமரம், பின்னால் ஒரு கிணறு, நடுவில் ஒரு மிஷின். கல்யாணம் செய்துகொள்ளாத தீக்காவுக்கு உலகத்தில் இருந்தது இவ்வளவுதான்.

"நான் எங்கேண்ணே போவேன்?"

"உன்னை நடுத்தெருவுல விட்டுருவேனா? கடைக்கு மேல ஒரு ரூம் இருக்கு. மிஷினை ஜன்னலோரமா போட்டுக்க. சிமெண்ட் மூட்டையைக் கொஞ்சம் தள்ளி வச்சா காத்து பிச்சுக்கிட்டு வரும்." பையிலிருந்து இரண்டு காகிதத்தை எடுத்தார். "இதுல மட்டும் ஒரு கையெழுத்து. சும்மா ஃபார்மாலிட்டி."

"உன் நிலத்தை விக்கிறதுக்கு என் கையெழுத்து எதுக்கு?"

"பத்திரத்துக்குப் பின்பக்கம் எங்கேயோ உன் பேரு ஒட்டிக்கிட்டிருக்காம். பங்க்காரங்க வக்கீலு ஒரு நொச்சுப் பிடிச்ச ஆளு. அதைத் துடைச்சாத்தான் வாங்குவேங்கிறான்."

"பத்திரத்தைக் காட்டு."

அவர் காட்டிய நகலில் முன்பக்கம் மட்டுமே இருந்தது. அரசாங்கச் சின்னம், நிலத்தின் எல்லைகள், உரிமையாளர் வென்செஸ்லாவ் லாந்திச்சோ, அவரை மணந்தவர் ஃபிலோமினா. பளிச்சென்று கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது.

"பின்பக்கம் எங்கேண்ணே?"

"அதுல என்ன இருக்கப் போகுது. எல்லாம் சில்லறைக் குறிப்பு."

தீக்காவிடம் யார் எந்தத் துணியைக் கொண்டுவந்தாலும் முதலில் திருப்பித்தான் பார்ப்பாள். முன்பக்கம் கடைக்காரன் காட்டுவதற்கு. முடிச்சும் ஒட்டும் கிழிசலும் பின்பக்கத்தில்தான் இருக்கும். அதனால் பின்பக்கம் இல்லாத ஒரு பத்திரத்தை அவள் நம்பவில்லை. கையெழுத்துக் கேட்ட காகிதத்தை எடுத்து மெதுவாகப் படித்தாள். தனக்கு உள்ள எல்லா உரிமையையும் விட்டுக்கொடுப்பதாக இருந்தது. சரி, அது அவர் சொன்னதுதான். கீழே இன்னொரு வரி இருந்தது. யூதாஸ் சுரூபத்தையும் அதோடு சேர்ந்த யாவற்றையும் வென்செஸிடமே திருப்பித் தருகிறாளாம்.

"உனக்கு எதுக்குண்ணே யூதாஸு?"

வென்செஸ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "குடும்பச் சொத்து தீக்கா. வயசாக ஆக ஒரு பாசம் வரத்தான் செய்யுது."

"வேர்க்கடலைத் தோலு மேலயும் பாசமா?"

"கிண்டல் பண்ணாதே. கையெழுத்தைப் போடு."

"புதன்கிழமை ஊர்வலம் முடியட்டும். புது அங்கி பாதியில நிக்குது பாரு. ஒத்தைக் கையோட எப்படி உன்கிட்ட அனுப்புறது? ஊரு என்ன சொல்லும்?"

முறைத்துக்கொண்டே எழுந்து போனார். அன்றைக்கு அவள் மேற்கொண்டு ஒரு தையல் போடவில்லை. பயமாக இருந்தது. சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவில் தன் மிஷினை நினைத்துப் பார்த்தாள், அழுகை வந்தது. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, அதே மூக்கோடு எதிரே நின்றவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"உன்னை எவனும் ஆசைப்பட்டுக் கேட்டதே இல்லையேடா. உன்கிட்ட அப்படி என்ன இருக்கு?" என்றாள்.

யூதாஸ் வழக்கம்போல அரிசி டிரம்மைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை தீக்கா பஸ் ஏறி மாகாணத் தலைநகருக்குப் போனாள். பதிவு அலுவலகத்தில் டோக்கன் எண் அறுபத்து நான்கு. விசிறிக்கொண்டே மூன்று மணி நேரம் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவள் ஹெர்மி என்கிற மூத்த எழுத்தர். ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம். யாருக்கும் பயப்படாத வயது.

பத்திர எண்ணைச் சொன்னதும் ஹெர்மி நகலை அச்செடுத்து, முத்திரை குத்தி நீட்டினாள். தீக்கா வாங்கியதும் முன்பக்கத்தைப் பார்க்காமல் திருப்பினாள். ஹெர்மி அதைக் கவனித்தாள்.

"முப்பத்தாறு வருஷமா இங்க உக்காந்திருக்கேன். எல்லாரும் முன்னாடி தன் பேரு சரியா இருக்கான்னு பாத்துட்டு மடிச்சுப் பையில வச்சுக்கிட்டுப் போவாங்க. நீங்க என்ன படிச்சிருக்கீங்க அக்கா?"

"தையல்."

பின்பக்கத்தில் நான்கு குறிப்புகள் இருந்தன. ஒவ்வொன்றும் இரண்டே வரி. இரண்டாவதைப் படித்ததும் தீக்கா அதன்மேல் விரலை வைத்தாள்.

"ஐயோ, பேங்க்ல அடமானம் வச்சிருக்காங்களே."

"அது செத்துப்போன குறிப்பு. அடுத்ததைப் படிங்க. அடமானம் ரத்துன்னு போட்டிருக்கா? இதுங்களை ஜோடி ஜோடியாப் படிக்கணும். ஒண்ணு கட்டும், இன்னொண்ணு அவுக்கும். அவுக்காம விட்டது எதுன்னு பாருங்க. அதுதான் உசுரோட இருக்கறது."

அவிழ்க்காமல் இருந்தவை இரண்டு. முதலாவது குறிப்பு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு: டான் ஹிலாரியோன் லாந்திச்சோ கொடுத்த தானம், நிபந்தனைகளுக்கு உட்பட்டது. நான்காவது குறிப்பு, பதினெட்டு வருஷத்துக்கு முந்தையது: வென்செஸ்லாவ் லாந்திச்சோ, எஸ்கொலாஸ்திகா லாந்திச்சோவுக்கு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம்.

எஸ்கொலாஸ்திகா அவள்தான். ஞானஸ்நானத்துக்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் உபயோகிக்காததால் அவளுக்கே ஒரு நொடி பிடித்தது.

"நிபந்தனைன்னா என்ன நிபந்தனை? ஒண்ணும் போடலையே."

"இந்த ரெண்டு வரி வீட்டு வாசல்ல மாட்டியிருக்கற பேர்ப்பலகை அக்கா. ஆளு உள்ள இருக்காரு. குறிப்புக்கு ஒரு எண் இருக்கு பாருங்க, அந்த எண்ணுல அசல் ஆவணம் பெட்டக அறையில கிடக்கும். அதை எடுத்துப் படிச்சாத்தான் விஷயம் தெரியும். யாரும் கேக்கறதில்ல. நான் எழுதி வைக்கிறேன். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை வாங்க."

அந்த வாரம் முழுக்கத் தீக்கா புது அங்கியைத் தைத்தாள். வென்செஸ் இரண்டு முறை போன் செய்தார். கையெழுத்துக்கும் முன்னால் சுரூபத்தையாவது அனுப்பிவிடு என்றார். கழுத்துப்பட்டி சரியாக வரவில்லை என்று அவள் சொன்னாள். அது உண்மைதான், இரண்டு தடவை பிரித்துத் தைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஹெர்மி ஜன்னலை அடைத்துவிட்டு, அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். மேஜைமேல் பழுப்பேறிய நாலு தாள். கையெழுத்து அழகாக இருந்தது, ஒரு எழுத்தும் புரியவில்லை.

"ஸ்பானிஷ்," என்றாள் ஹெர்மி. அவள் குரலில் ஒரு பெருமை. "நாங்க காலேஜ் படிக்கறப்ப இந்தப் பாடம் பன்னெண்டு யூனிட் கட்டாயம். எங்க அம்மா சாகற வரைக்கும் கேட்டாங்க, இதை வச்சு என்னடி கிழிச்சேன்னு. இன்னைக்குக் கிழிக்கிறேன், கேளுங்க."

விரலை வரியின் கீழ் வைத்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். லாந்திச்சோ குடும்பத்துப் பெரியவர் டான் ஹிலாரியோன் பதின்மூன்று சுரூபம் செய்து ஊருக்குக் கொடுத்தார். பன்னிரண்டுக்கு அடிதடி. யூதாஸை எடுத்துக்கொள்ள ஒரு குடும்பமும் வரவில்லை. அவன் இல்லாமல் இராப்போஜனம் நடக்காது என்று அவர் தன் நிலத்தில் ஒரு துண்டை யூதாஸோடு சேர்த்துக் கட்டிவிட்டார். சுரூபத்தை யார் வைத்துப் பராமரிக்கிறார்களோ நிலம் அவர்களுடையது. ஒவ்வொரு புனித புதன்கிழமையும் அவனுக்கு உடுத்தி ஊர்வலத்தில் அனுப்ப வேண்டும். அன்றைக்கு வாசலுக்கு யார் வந்தாலும், எதிரியே ஆனாலும், சோறு போட வேண்டும். ஒரு வருஷம் தவறினால் நிலம் கோயிலுக்கு. சுரூபத்தை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டால், நிலமும் அதன் பின்னாலேயே போகும்.

தீக்கா அந்தத் தாள்களையும் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள்.

"எங்க பெரியப்பா சொன்னதே இல்லையே."

"சொல்லுவாங்களா? சரி, அடுத்ததைப் பாருங்க, இதுதான் பிரமாதம்." ஹெர்மி நான்காவது குறிப்பின் ஆவணத்தை விரித்தாள். அதில் வென்செஸ் எழுதியிருந்தார்: யூதாஸ் சுரூபத்தையும் அதோடு சேர்ந்த யாவற்றையும் என் சித்தப்பா மகளுக்கு நிரந்தரமாக விட்டுவிட்டேன், இனி நானும் என் வாரிசுகளும் அதைச் சொந்தம் கொண்டாட மாட்டோம். "இதை நான்தான் பதிவு பண்ணேன். இப்ப ஞாபகம் வருது. ஒரு தேர்தல் ஆளு, கையில மோதிரம். இந்த ஜன்னல்ல நின்னு மேஜையைத் தட்டினாரு. சுரூபத்தையெல்லாம் பதிவு பண்ண இங்க இடமில்ல சார்னேன். அரசாங்க முத்திரை வேணும், ஓட்டுக்கு நாலு நாள்தான் இருக்குன்னாரு. தேடிப் பாத்தா, அவரு பத்திரத்துலயே யூதாஸ் இருக்கான். சரி, கிடன்னு அதுலயே ஏத்திட்டேன்."

"அவரு படிக்கலையா?"

"முத்திரை நல்லா விழுந்திருக்கான்னு பாத்தாரு."

தீக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தபோது கண்ணில் தண்ணீரும் வந்தது. பதினெட்டு வருஷம் அவனுக்கு உடுத்தியது நிபந்தனைக்காக இல்லை. ஒருத்தனை மட்டும் கிழிந்த அங்கியோடு அனுப்ப மனசு வராததால்தான். மீன்காரர்களுக்குச் சோறு போட்டதும் அவர்கள் பசித்து நின்றதால்தான். யாரோ எப்போதோ எழுதிவைத்த காகிதத்துக்கு அவள் தெரியாமலே வரிக்கு வரி கீழ்ப்படிந்திருக்கிறாள்.

"அப்ப வீடு என்னுதா?"

"பத்திரம் உங்க பேருக்கு மாற வக்கீலு, கோர்ட்டுன்னு கொஞ்சம் அலையணும். ஆனா உங்க கையெழுத்து இல்லாம இந்த நிலம் ஒரு அங்குலம் நகராது. நாளைக்கு மட்டும் அவன் ஊர்வலத்துக்குப் போயிடணும் அக்கா. நாளைக்கு மட்டும் தவறவே கூடாது."

புதன்கிழமை மூன்று மணிக்கு வென்செஸின் பிக்கப் வண்டி வாசலில் வந்து நின்றது. இரண்டு கடை ஆட்கள், ஒரு கயிறு, ஒரு தார்ப்பாய். யூதாஸ் புது அங்கியோடு சப்பரத்தில் ஏறியிருந்தான். எட்டு மீன்காரர்களும் லான்சோனெஸ் மரத்தடியில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

"இறக்குங்கடா. இந்த வருஷம் என் வீட்டுலேருந்துதான் ஊர்வலம் போகும்," என்றார் வென்செஸ்.

மூத்த மீன்காரன் கோமேர் சீட்டைக் கவிழ்த்து வைத்தான். "அண்ணே, தேர்தல் எதுவும் வரலையே?"

தீக்கா கரண்டியோடு வெளியே வந்தாள். அடுப்பில் கினாத்தான் கொதித்துக்கொண்டிருந்தது, அவளுக்கு நின்று பேச நேரமில்லை. நேராகச் சப்பரத்திடம் போய், யூதாஸின் கையிலிருந்த பணப்பையின் சுருக்கை அவிழ்த்தாள். வழக்கமாக அதில் பழைய பட்டன்களைப் போட்டு வைப்பாள். இன்றைக்கு மடித்த காகிதங்கள் இருந்தன. எடுத்து அண்ணனிடம் கொடுத்தாள்.

அவர் நின்றபடியே படித்தார். ஹெர்மி எழுதிக்கொடுத்த மொழிபெயர்ப்பு, அதன் அடியில் பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய விடுதலைப் பத்திரம், அதில் தன் கையெழுத்து, மோதிரத்தோடு மேஜையைத் தட்டி வாங்கிய முத்திரை. படிக்கப் படிக்க மூக்கு இன்னும் கொஞ்சம் தொங்கியது.

"இதைப் போய் எவன் பதிவு பண்ணச் சொன்னது?" என்றார் மெதுவாக.

"நீதாண்ணே."

"எனக்கு வக்கீல் போன மாசம்தான் சொன்னான் தீக்கா. அதுவரைக்கும் சத்தியமா தெரியாது."

"தெரிஞ்சப்புறம் பிபிங்காவோட வந்தியே."

மீன்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. எட்டுப் பேரும் எழுந்து சப்பரத்தைச் சுற்றி நின்றுகொண்டார்கள், அவ்வளவுதான். கடை ஆட்கள் கயிற்றைச் சுருட்டி வண்டியில் போட்டார்கள். வென்செஸ் காகிதத்தை மடித்து அவளிடமே கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார். அவள் அதைத் திரும்பப் பையில் போட்டுச் சுருக்கை இறுக்கினாள்.

அந்திக்கு மணி அடித்ததும் ஊர்வலம் புறப்பட்டது. யூதாஸ் கடைசியாகப் போனான். வேர்க்கடலைத் தோல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது. தீக்கா பக்கத்தில் நடந்தபடி அங்கியிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டே போனாள். ஒவ்வொரு தெருவாக அவன் தாண்டத் தாண்ட அவளுக்கு மூச்சு இலகுவாக வந்தது. கோயிலைச் சுற்றி முடித்துத் திரும்பியபோது அவள் சத்தமாகவே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு வாசலில் மேஜை போட்டுச் சாப்பாடு. மீன்காரர்கள், அவர்கள் பிள்ளைகள், பக்கத்துத் தெரு, வழிப்போக்கர் இரண்டு பேர். பன்சித் சட்டி பாதி காலியான நேரத்தில் கேட்டுக்கு வெளியே வென்செஸ் நின்றிருந்தார். வண்டி இல்லை, நடந்து வந்திருந்தார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

"இவருக்குமா போடணும் அக்கா?" என்றான் கோமேர்.

"பத்திரத்துல இருக்குடா. எதிரியே ஆனாலும்." தட்டை நிரப்பிக்கொண்டு கேட்டுக்குப் போனாள். "உள்ள வாண்ணே. நீ வாசலுக்கு வந்துட்டே, இனிமே நான் போடலேன்னா நிலம் கோயிலுக்குப் போயிரும்."

அவர் மரத்தடி பெஞ்சில், மீன்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே தட்டைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு வெக்கமா இருக்கு தீக்கா."

"இருக்கட்டும். சாப்பிடு."

கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த வருஷம் நானும் ஒரு தோள் குடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

தீக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அறுபத்து மூன்று வயது, முழங்கால் வலி, குடும்ப மூக்கு.

"குடு. ஆனா எழுதி வாங்கிப் பதிவு பண்ணிருவேன்."

வென்செஸ் தட்டை இன்னொரு தடவை நீட்டினார், அவள் கினாத்தானை அள்ளி ஊற்றினாள்.